ஆற்காட்டு எலியும் கொல்லிமலை அடிவாரமும்

போன தடவை கொல்லிமலை போயிட்டு இறங்கும்போது நல்லா இருட்டிடுச்சு. எழுபது கொண்டை ஊசி வளைவும் முடிஞ்சு, காரவள்ளி தாண்டி சேந்தமங்கலம் ரோட்டுல பைக் கொஞ்சம் வேகம் எடுக்கற நேரம். ஹெட்லைட் வெளிச்சத்துல ஏதோ ஒண்ணு ரோட்டைத் தாண்டுச்சு. ஓடலைங்க, தாவிச்சு. ஒரே எட்டுல பாதி ரோடு. வால் உடம்பை விட நீளம், நுனியில கறுப்பா ஒரு குஞ்சம். பின்னாடி உட்கார்ந்திருந்த நண்பன் "டேய், கங்காரு குட்டிடா!"ன்னு கத்தினான். அவன் சென்னைக்காரன், மன்னிச்சு விட்டுட்டேன்.

எனக்கும் அது என்னன்னு தெரியாதுங்கறது வேற விஷயம்.

ராத்திரி சேந்தமங்கலத்துல மாமா வீட்டுல தங்கல். சாப்பிடும்போது சொன்னேன். மாமா தட்டுல இருந்து தலையைக் கூட நிமிர்த்தலை. "வெள்ளெலி மாப்ள. கடலைக்காட்டுல வளை வச்சிருக்கும். எங்க காலத்துல அதைப் புடிச்சு சுட்டா கோழியெல்லாம் கிட்டயே வர முடியாது" அப்படின்னார். அத்தை முறைச்சதுல பேச்சு அதோட நின்னுடுச்சு.

வெள்ளெலின்னதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? லேப்ல கூண்டுக்குள்ள இருக்கற சிவப்புக் கண் வெள்ளை எலி. இல்லைன்னா பெட் ஷாப்புல சக்கரம் சுத்தற ஹாம்ஸ்டர். மாமா சொன்ன வெள்ளெலி ரெண்டுமே இல்லை. முதுகு மணல் கலந்த பழுப்பு, வயிறுதான் சுத்த வெள்ளை. அந்த வயித்தை வச்சுத்தான் பேரு. பெரிய கறுப்புக் கண்ணு, நீளமான பின்னங்கால், வாலுக்கு மேலயும் கீழயும் கறுப்புக் கோடு, பக்கவாட்டுல வெளிறின நிறம். ஆங்கிலத்துல இண்டியன் ஜெர்பில். ஆன்டிலோப் ராட், அதாவது மான் எலின்னும் சொல்றாங்க. இந்தியிலயும் ஹிர்ணா மூஸ்தான், அதே மான் எலி. தாவறதைப் பார்த்தவன் எந்த மொழிக்காரனா இருந்தாலும் மான்னு சொல்லாம இருக்க மாட்டான் போல.

பெங்களூர் திரும்பி வந்ததும் ஆபீஸ்ல வேலை கம்மியா இருந்த ஒரு வாரம் (மேனேஜர் படிக்க மாட்டார்ங்கற தைரியத்துல எழுதறேன்) இதையே தோண்ட ஆரம்பிச்சேன். தோண்டத் தோண்ட வளை எங்கெங்கேயோ போகுது. வயல் எலி ஒண்ணுக்கு இருநூறு வருஷத்துக்கு மேல ஒரு வரலாறு இருக்கு. அதுல நம்ம ஆற்காடு வருது, பிளேக் வருது, இங்கிலாந்தோட பெரிய பணக்காரர் ஒருத்தர் வர்றார்.

முதல்ல ஹார்ட்விக். தாமஸ் ஹார்ட்விக் கிழக்கிந்தியக் கம்பெனியோட வங்காள பீரங்கிப் படை அதிகாரி. ஹைதர் அலிக்கு எதிரா 1781ல் இருந்து 1785 வரைக்கும் தென்னாட்டுல சண்டை போட்டவர், கடலூர் முற்றுகையில இருந்தவர். ஆனா அவர் இந்த எலியைப் பத்தி எழுதினது வடக்கே பார்த்ததை வச்சு, காசிக்கும் ஹரித்வாருக்கும் நடுவுல. லண்டன் லின்னேயன் சொசைட்டியோட வெளியீட்டுல 1807ல் அச்சாச்சு. அவர் வச்ச பேர் டிபஸ் இண்டிகஸ். டிபஸ்னா ரெண்டு கால் உள்ளது. பாலைவனத்துல ரெண்டே காலால குதிச்சுப் போற ஜெர்போவாவோட பேரினம் அது. நம்ம வெள்ளெலி சாதாரணமா நாலு காலாலதான் நடக்கும். பயந்தாதான் தாவும். ராணுவ அதிகாரி முன்னாடி வந்தா பயப்படாம என்ன செய்யும்? :-) ஆக, அறிவியலுக்குள்ள நுழைஞ்ச முதல் நாளே நம்மாளு தப்பான ஃபோல்டர்ல சேவ் ஆயிட்டார்.

அடுத்தது 1838. ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ், லண்டன் விலங்கியல் கழக அருங்காட்சியகத்துக்காரர். டார்வின் பீகிள் கப்பல்ல கொண்டு வந்த பாலூட்டிகளை எழுதினவர் இவர்தான். இவர் கைக்கு ஆற்காட்டுல இருந்து போன மாதிரி ஒண்ணு கிடைச்சது. அதுக்கு ஜெர்பில்லஸ் குவியரின்னு தனி இனமாப் பேர் வச்சார். மாதிரி கிடைச்ச ஊரை அறிவியல்ல அந்தப் பேரோட ஆதார இடம்னு பதிவு பண்ணுவாங்க. அதனால குவியரிங்கற பேர் எங்க எழுதப்பட்டாலும் பக்கத்துல ஆற்காடுன்னு வரும். நவாபுக்கும் மக்கன் பேடாவுக்கும் அப்புறம் ஆற்காட்டுக்கு இப்படி ஒரு பெருமை இருக்குன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். இன்னொரு வேடிக்கை: அடுத்த வருஷமே, 1839ல், அலெப்போவுல இருந்து வந்த தங்க நிற ஹாம்ஸ்டருக்குப் பேர் வச்சதும் இதே வாட்டர்ஹவுஸ். நாம இன்னிக்கு வெள்ளெலின்னு சொல்லிக் குழப்பிக்கற ரெண்டு பிராணிக்கும் பேர் வச்ச பேனா ஒண்ணுதான்.

1843ல் ஜான் எட்வர்ட் கிரே தார்வாட் பக்கத்து எலிக்கு ஹார்ட்விக் பேரையே வச்சு இன்னொரு இனம் ஆக்கினார். கங்கைக் கரையில ஒண்ணு, ஆற்காட்டுல ஒண்ணு, தார்வாட்ல ஒண்ணு. ஒரே ஆளுக்கு மூணு ரேஷன் கார்டு.

இந்த இடத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் வர்றார். சர் வால்டர் எலியட். (எலி ஆராய்ச்சிக்குன்னே பேர் வச்ச மாதிரி இல்ல? பெசன்ட் நகர் பீச்சுக்குப் பேர் வந்தது இவரால இல்லைங்க, அது எட்வர்ட் எலியட்.) மெட்ராஸ் மாகாண சிவில் அதிகாரி. அமராவதி சிற்பங்களைத் தோண்டி எடுத்தவர், தென்னிந்திய நாணயங்கள் பத்திப் புத்தகம் எழுதினவர். தார்வாட் பகுதியில வேலை பார்த்தப்ப அங்க இருக்கற பாலூட்டிகளைப் பட்டியல் போட்டு 1839ல் மெட்ராஸ் இலக்கிய அறிவியல் இதழ்ல எழுதினார்.

அவருக்கு எலி பிடிச்சுக் கொடுத்தது யாரு? ஒட்டர்கள். மண் வேலை செய்யறவங்க, எலி தோண்டிச் சாப்பிடறவங்க. எந்த வளை எந்த எலியோடது, எது தானியம் சேர்க்கும், எது சேர்க்காதுன்னு அவங்களுக்கு அத்துப்படி. அவங்க சொன்ன பேரை எலியட் அப்படியே எழுதி வச்சார். மெத்தாடன்னு அவங்க சொன்ன ஒரு வயல் எலி, லண்டன் போனதும் கொஞ்சம் உருமாறி மெல்டாடா ஆச்சு. இன்னிக்கும் அதோட இனப்பேர் அதுதான். பேரினப் பேர் மில்லார்டியா, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தோட செயலாளரா இருந்த மில்லார்டோட நினைவா 1911ல் வச்சது. மில்லார்ட் சாராய வியாபாரக் கம்பெனி நடத்தினவர். ஆக அந்த எலிக்கு முன்பாதி பம்பாய் ஒயின் வியாபாரி, பின்பாதி ஒட்டர் வீட்டு வார்த்தை. வியாபாரியோட முழுப்பேர், பிறந்த தேதி எல்லாம் கிடைக்குது. எலியைத் தோண்டிக் கொடுத்த ஒரு ஒட்டரோட பேர் கூட எங்கயும் கிடையாது.

இது மாதிரி நம்ம மண்ணுல இருந்து போன சொல் இன்னும் இருக்கு. பாண்டிகூட், தெலுங்கு பந்திகொக்கு. நம்ம ஊர் பெருச்சாளி. கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகள்ல, ஏற்காடு மாதிரி இடங்கள்ல அணில் மாதிரி திரியற மர மூஞ்சூறு ஒண்ணு இருக்கு. அதோட பேரினம் அனத்தானா. மூங்கில் அணத்தான்கற சுத்தத் தமிழ்ப் பேர்ல இருந்து எடுத்தது. அதோட இனப்பேர் எல்லியோட்டி, நம்ம எலியட்டே. வெள்ளெலிக்கு மட்டும் அந்த யோகம் இல்லை. தமிழ்ப் பேரும் ஏறலை, ஒட்டர் பேரும் ஏறலை.

எலியட் எழுதினதுல 1826ஆம் வருஷம் பத்தி ஒரு பகுதி வரும். மழை பொய்ச்சதுக்குப் பின்னாடி மெத்தாட எலி அளவில்லாமப் பெருகிடுச்சு. விதைச்ச விதையை மண்ணுக்குள்ளயே தின்னுச்சு, மிச்சம் முளைச்சு வந்த சோளத்தைத் தண்டுல ஏறிக் கதிரைக் கடிச்சுச்சு. குடியானவங்க வரி கட்ட முடியாமப் போற அளவுக்கு வயல் காலி. ஒட்டர்களுக்கு டஜன் கணக்கு வச்சு தானியம் அளந்து கொடுத்துப் பிடிக்கச் சொன்னாங்க. ஆயிரக்கணக்குல கொன்னும் எலி குறைஞ்ச மாதிரியே தெரியலையாம். பட்டியல் போட உட்கார்ந்த ஆள் இதையும் எழுதி வச்சாரே, அதனாலதான் அவர் பிடிச்சுப் போச்சு.

நம்ம பக்கத்துல இந்த எலி வேட்டை எவ்வளவு பழசுன்னு பார்த்தா, புறநானூறு 324ஆம் பாட்டு வரைக்கும் போகுது. வேட்டுவச் சிறுவர்கள் பருத்தி வேலிப் பக்கம் குட்டி வில்லும் முள் அம்பும் வச்சுக்கிட்டு எலிக்காகக் காத்திருக்கற காட்சி. மாமா சின்ன வயசுல செஞ்சதும் அதேதான், வில்லுக்குப் பதிலா மம்பட்டி.

சரி, வகைப்பாட்டுக்கு வருவோம். 1882ல் லத்தாஸ்த்ங்கற பிரெஞ்சுக்காரர் டேட்டரான்னு புதுப் பேரினம் உண்டாக்கி நம்ம எலியை அதுக்கு மாதிரி இனமா வச்சார். அதாவது டேட்டராங்கற கிளாஸ் எழுதினதே நம்மாளை வச்சுத்தான். அப்புறம் ஆப்பிரிக்காவுல கிட்டத்தட்ட இதே மாதிரி இருக்கற எலிகளையும் அதுக்குள்ள சேர்த்துக்கிட்டே போனாங்க. 1906ல் ராட்டன், பம்பாய் வனத்துறையில இருந்து ரிட்டயர் ஆகி லண்டன்ல உட்கார்ந்து எலி பார்த்தவர், டேட்டரா முழுசையும் ஒரு அலசு அலசினார். இலங்கை எலிக்கு ஒரு பேர், பாரசீக எலிக்கு ஒரு பேர்னு பட்டியல் நீண்டுச்சு. 1911ல் பம்பாய்க் கழகம் இந்தியா முழுக்கப் பாலூட்டிக் கணக்கெடுப்பு ஆரம்பிச்சப்ப வந்து குவிஞ்ச தோல்களைப் பார்த்து எழுதினதுலயும் ராட்டனுக்குப் பெரிய பங்கு.

இத்தனை பேரையும் குறைச்சவர்தான் நான் சொன்ன பணக்காரர். சர் ஜான் எல்லர்மேன். அப்பா கப்பல் கம்பெனி முதலாளி, விட்டுட்டுப் போன சொத்து பிரிட்டன்லயே முதல் வரிசை. பையனுக்குப் பார்ட்டி, பத்திரிகை எதுவும் ஆகாது. எலி, அணில் மேலதான் ஆசை. உலகத்துக் கொறிணிகள் எல்லாத்தையும் பத்தி 1940லயும் 1941லயும் ரெண்டு பெரிய தொகுதி எழுதினார். இந்தியக் கொறிணிகளுக்காக அவர் எழுதின புத்தகம் 1961ல் வந்தது. அவரோட முறை சிம்பிள்: ரெண்டுக்கும் நடுவுல படிப்படியா மாறிக்கிட்டே போற மாதிரிகள் இருந்தா அது ரெண்டு இனம் இல்லை, ஒண்ணுதான். ஆற்காடு, தார்வாட், இலங்கை எல்லாமே டேட்டரா இண்டிகாங்கற ஒரே இனத்துக்குக் கீழே துணையினம் ஆச்சு. வார இறுதியில மட்டும் எழுதற என்னை மாதிரி ஆளுக்கு எல்லர்மேன் மேல பொறாமைதான் வருது. எனக்கு அந்த மாதிரி அப்பா இருந்திருந்தா நான் இந்நேரம் அணில் பத்தி மூணு தொகுதி எழுதியிருப்பேன்.

கதை அங்க முடியலை. ஆப்பிரிக்க எலிகளும் நம்ம எலியும் நிஜமாவே ஒரே பேரினமாங்கற சந்தேகம் இருந்துக்கிட்டே இருந்தது. 2005ல் வந்த உலகப் பாலூட்டிப் பட்டியலோட மூணாவது பதிப்பு ஆப்பிரிக்க இனங்களை ஜெர்பிலிஸ்கஸ்னு தனியாப் பிரிச்சு வச்சது. அதே வருஷம் செவ்ரே, டோபினின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை வச்சு ஜெர்பில் குடும்ப மரம் போட்டதுலயும் ஆப்பிரிக்கக் கூட்டம் தனிக் கிளை, நம்மாளு தனி. பத்துக்கு மேல இருந்த சொந்தக்காரங்க ஒரே நாள்ல வேற வீட்டுக்குப் போயிட்டாங்க. இன்னிக்கு டேட்டராங்கற பேரினத்துல மிச்சம் ஒரே ஒரு இனம்தான், நம்ம கடலைக்காட்டு வெள்ளெலி. ஜெர்பில் துணைக்குடும்பத்துல ஆசியா, ஆப்பிரிக்கா சேர்த்து நூறு இனத்துக்கு மேல இருக்கு. பெட் ஷாப்புல விக்கற மங்கோலிய ஜெர்பில் உட்பட. அந்தக் கூட்டத்துல இது மட்டும் ஒத்தை ஆளு.

ஒத்தை ஆளா இருந்தாலும் பரப்பு பெருசு. மேற்கே துருக்கியோட தென்கிழக்கு மூலை, சிரியா, ஈராக், குவைத், ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், நேபாளம், இந்தியா முழுக்க, அப்புறம் இலங்கையோட வறண்ட பகுதி. ராஜஸ்தான், குஜராத் பக்கம் வேற ஜெர்பில் இனங்களும் இருக்கு. விந்தியத்துக்குத் தெற்கே நம்ம பக்கத்துல ஜெர்பில்னா இது ஒண்ணுதான். இலங்கைக்கு நீந்திப் போகலை. பனியுகத்துல கடல்மட்டம் இறங்கினப்ப பாக் நீரிணை நடந்து போற தரைதான்.

கொல்லிமலையில இது எங்க இருக்கும்? மலைக்குக் கீழ, வறண்ட காட்டு வயல்ல. இதுக்குத் தேவை வறண்ட திறந்த நிலம், தோண்ட வாகான மண். கடலை, சோளம், ஆமணக்கு போடற புஞ்சை. மேல செம்மேடு பக்கம் ஆயிரம் மீட்டருக்கு மேல போயிட்டா குளிரும் ஈரமும் சோலைக் காடும் வேற உலகம். சேந்தமங்கலத்துல இருந்து அண்ணாந்து பார்த்தா செங்குத்தாத் தெரியற அந்தச் சுவர் நமக்கு எழுபது வளைவு. எலிக்கு வேற நாடு.

இனிமே கொஞ்சம் சீரியஸ். 1896ல் பம்பாய்க்கு வந்த பிளேக் 1898 ஆகஸ்ட்ல பெங்களூர்ல பரவுச்சு. அடுத்த வருஷங்கள்ல சேலம், கோயம்புத்தூர் ஜில்லாக்கள் பட்ட பாடு பெரியவங்க கதையில இன்னும் இருக்கு. கோயம்புத்தூர்ல பிளேக் மாரியம்மன் கோயில்னே இருக்கு, போய்ப் பார்க்கலாம். 1907ஆம் வருஷத்துல மட்டும் இந்தியாவுல 13 லட்சம் பேருக்கு மேல செத்தாங்க. எலித் தெள்ளுப்பூச்சிதான் நோயைக் கடத்துதுன்னு 1898ல் கராச்சியில சிமோந்த் கண்டுபிடிச்சார். ஆனா ஒரு புதிர் இருந்தது. மெட்ராஸ் நகரமும் கொழும்பும் பெரிய துறைமுகம், எலிக்குப் பஞ்சமே இல்லை. அப்படியும் பம்பாய் மாதிரி அடி வாங்கலை. ஏன்?

கொழும்புல வேலை பார்த்த டாக்டர் ஹர்ஸ்ட் தெள்ளுப்பூச்சியை வகை பிரிச்சுப் பார்த்தார். பம்பாய் எலி மேல இருந்தது செயோப்பிஸ் இனம், பிளேக் கடத்தறதுல கில்லாடி. மெட்ராஸ், கொழும்பு எலி மேல பெரும்பாலும் ஆஸ்டியா இனம், அந்த வேலையில மந்தம். அந்த ஆஸ்டியா வயல்ல யார் மேல வாழுது தெரியுமா? நம்ம வெள்ளெலி மேல. பார்க்க ரெண்டு பூச்சியும் ஒரே மாதிரிதான், மைக்ராஸ்கோப்புல வச்சாத்தான் வித்தியாசம் தெரியும். வகைப்பாடெல்லாம் வேலை இல்லாதவங்க பேர் வச்சு விளையாடறதுன்னு நானும் நினைச்சிட்டு இருந்தேன். ஒரு ஊர் பிழைச்சதுக்கும் இன்னொரு ஊர் செத்ததுக்கும் நடுவுல பூச்சியோட இனம் நிக்குதுன்னு படிச்சதுக்கு அப்புறம் அப்படிப் பேசறதில்லை.

அதுக்காக வெள்ளெலியைக் காவல் தெய்வம் ஆக்கிட வேண்டாம். ஊர்ல பிளேக் அடங்கினதும் அது எங்க ஒளிஞ்சிருக்குங்கற கேள்வி வந்தது. இந்தியப் பிளேக் பத்தி பால்தஸார் குழுவோட ஆய்வு 1960ல் வெளிவந்தது. அதுக்கப்புறம் வீட்டெலியை விட்டுட்டு வயலெலி வளையைத் தேடி ஆட்கள் போனாங்க. முதல் சந்தேகம் வெள்ளெலி மேலதான். கர்நாடகத்துல கோலார் பக்கம் 1966ல் மனுஷங்களுக்கு வந்ததுக்கு அப்புறம் 1994 வரைக்கும் இந்தியாவுல பிளேக் கேஸ் இல்லை. ஆனா கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு சேர்ற ஓசூர், கோலார் பகுதியில வயல் எலியைப் பிடிச்சு ரத்தம் சோதிக்கறது நிக்கலை. அதுல பிளேக் கிருமிக்கான எதிர்ப்பொருள் கிடைச்ச எலிகளும் பெரும்பாலும் வெள்ளெலிதான். ஓசூர்ல இதுக்குன்னே மாநில சுகாதாரத் துறையோட ஒரு நிறுவனம் இருக்கு. எலியைப் பிடிக்கணும், எந்த இனம்னு சரியாச் சொல்லணும், தெள்ளுப்பூச்சியைச் சீவி எண்ணணும், ரத்தம் எடுக்கணும். இதைச் செய்யறவங்க பேரும் ஒட்டர்கள் பேர் மாதிரியே எங்கயும் வராது.

இதையெல்லாம் படிச்சிட்டு பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப மாமாகிட்ட சொன்னேன். அவர் பிளேக் பகுதியைக் கேட்டுட்டு ஒண்ணும் பேசலை. அப்புறம் மெதுவா, அவங்க தாத்தா காலத்துல வீட்டுல எலி செத்து விழுந்தா சட்டி பானையோட காட்டுல குடிசை போட்டுப் போயிடுவாங்கன்னு சொன்னார். "காட்டு எலிகிட்ட இருந்து தப்பிக்கவா காட்டுக்குப் போனாங்க?"ன்னு என்னைக் கேட்டார். வீட்டெலிதான் ஆபத்து, அதைவிட்டு விலகினது சரிதான்னு சொன்னேன்.

சாயங்காலம் கடலைக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். கடலை பிடுங்கி முடிச்ச நிலம். வரப்போரம் ரெண்டு மூணு வளை. ஒவ்வொண்ணோட வாயும் புது மண்ணால லேசா அடைச்சிருந்தது. "உள்ளே ஆளு இருக்கு"ன்னார். கொஞ்ச தூரம் தள்ளி, எதுவுமே இல்லாத இடத்துல செருப்புக் காலால தட்டிக் காட்டினார். இங்க ஒரு கள்ள வாசல் இருக்கும், மேல ரெண்டு விரல்கடை மண்ணு மட்டும் விட்டுத் தோண்டி வச்சிருக்கும், நாம அங்க வெட்டினா இங்க முட்டிக்கிட்டு வெளிய பாயும். அந்த வாசலை முதல்ல கண்டுபிடிச்சு ஒருத்தன் உட்கார்ந்தாத்தான் வேட்டை. எலி மருந்து வச்சு ரொம்ப வருஷம் ஆச்சுன்னார். ஒரு தடவை வச்சப்ப கூகை ஒண்ணு வரப்புல செத்துக் கிடந்ததாம், அதுக்கப்புறம் வைக்கலையாம்.

நான் ஆற்காடு கதையைச் சொன்னேன். நாளைக்கே யாராவது தென்னாட்டு வெள்ளெலியோட டி.என்.ஏ.வைப் பார்த்துட்டு இது வடக்கத்தி எலி இல்லை, தனி இனம்னு சொன்னா, புதுசாப் பேர் தேட வேண்டியதில்லை. 1838ல் வச்ச குவியரிங்கற பேர் தயாரா இருக்கு, ஊர் ஆற்காடுன்னு போட்டு. மாமா அடைச்ச வளையையே பார்த்துக்கிட்டு நின்னார்.

"ஆற்காட்டுல புடிச்சுக் கொடுத்தவன் யாராம்?"

அது எழுதி வைக்கலை மாமான்னேன்.